கலெக்டர் இறந்த விதம்

கொழிஞ்சாம்பாறை,
புதன்கிழமை.

என்றும் மரியாதைக்குரிய மூத்த மச்சான் திரு. கருப்புசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஆனந்தியைக் கட்டிய ஆறுச்சாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆனந்தியும் குழந்தை தன்ஷிகாவும் மாடுகளும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் தோப்பும் சுகமாயிருக்கக் கருப்பராயன் துணை. தாங்கள் இப்போது கைத்தடி இல்லாமல் வரப்பில் நடப்பதாகக் கேள்விப்பட்டு எல்லோரும் மகிழ்ந்தோம். மழை எங்கள் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மறந்து வைத்தது போலத் திரும்பிப் போய்விட்டது. ஆனைமலைப் பக்கம் நல்ல மழை என்று பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் சொன்னார். சந்தோஷம்.

விரலால் தட்டினால் பேசிக்கொள்ளும் காலத்தில் இவன் ஏன் பஸ் கண்டக்டரிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறான் என்று தாங்கள் யோசிப்பீர்கள். போனில் பேச முடியாத நிலைமை. நான் போனை எடுத்தாலே தன்ஷிகா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். பேசி முடித்ததும், "அது என்னன்னு எனக்குப் புரியலீங்கப்பா, இன்னொருக்கா வெளக்கமாச் சொல்லுங்க" என்கிறாள். எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. அவள் இப்படிக் கேட்க ஆரம்பித்ததற்கும், வருகிற சனிக்கிழமை தங்கள் தோப்பில் உயிரோடு ஒரு கருப்புக் கிடா நிற்க வேண்டியதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அதை விவரமாகச் சொன்னால்தான் தங்களுக்கு என் அவசரம் விளங்கும்.

தங்கள் மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மாசு மருவில்லாத கருப்புக் கிடா ஒன்று தருவதாகத் தாங்கள் கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டதும், சந்தை சந்தையாகத் தேடியும் அப்படி ஒன்று அமையாமல் கடைசியில் எங்கள் வீட்டுக் கிடாவைக் கேட்டதும் தாங்கள் அறிந்ததே. அந்தக் கிடாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்தது தங்களுக்குத் தெரிந்திருக்காது. கலெக்டர். மதில்மேல் ஏறி நின்று தாடியை ஆட்டிக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் மேலிருந்து பார்க்கும் என்பதால் தன்ஷிகா வைத்தது. 'அது' என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் தாங்கள் டெம்போ கொண்டுவந்து ஏற்றிப் போய்விட்டீர்கள். சாயங்காலம் அவள் பையை இறக்கும் முன்பே, "கலெக்டர் எங்கீங்கப்பா?" என்றாள். வாய்க்கு வந்தபடி, "காச்சல் வந்து செத்துப் போச்சு அம்மிணி" என்று சொல்லிவிட்டேன். ஆனந்தி அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். நீங்கள் ஆரம்பித்ததை நீங்களே முடியுங்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். குழந்தை அழுதாள், தூங்கினாள், மறுநாள் ஸ்கூலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை நான் விடியற்காலையிலேயே தங்கள் தோப்புக்கு வந்துவிட்டேன், ஆனந்தியும் குழந்தையும் மத்தியானம் விருந்துக்கு வந்தார்கள். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கி, "அத்தை, எனக்கு எலும்பு" என்று அவள் இலையைக் காட்டியதும், அக்கா நல்ல எலும்பாகத் தேடிப் போட்டதும் தங்கள் கண்முன் நடந்ததுதான். நான் அன்று குனிந்த தலை கை கழுவும்வரை நிமிரவில்லை. கறி உறைப்பு என்று அக்காவிடம் சொன்னேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் மச்சான். எத்தனையோ வீட்டில் எத்தனையோ ஆடு காய்ச்சலில் செத்திருக்கிறது. கெடுத்தது பள்ளிக்கூடம்.

அங்கே புதிதாக நிமி டீச்சர் என்று ஒருவர் வந்திருக்கிறார். சித்தூர்க்காரர், அம்மா வழியில் தமிழ், அப்பா வழியில் மலையாளம். 'எங்கள் வீட்டில் நடந்தது' என்ற தலைப்பில் எழுதச் சொல்லியிருக்கிறார். தன்ஷிகா எழுதியது இது: 'எங்கள் கலக்டர் நல்லவர். அவர் காய்ச்சலில் இறந்தார். எல்லோரும் அழுதோம். நன்றி.' நானாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். ஆரம்பம், நடு, முடிவு, மரியாதை எல்லாம் இருக்கிறது. ஒரு கொம்பு மட்டும் விட்டுப்போயிருந்தது. அதை டீச்சர் கண்டுகொள்ளவே இல்லை. நோட்டில் சிவப்பு மையே கிடையாது. அதற்குப் பதில் குழந்தையே தன் எழுத்தைக் கோடு கோடாக அடித்து, இரண்டு வரிகளுக்கு நடுவில் குடை போல ஒன்று போட்டு, அதற்குள் என்னென்னவோ நுழைத்திருந்தாள். பக்கம் பார்க்க உழவு ஓட்டிய காடு மாதிரி இருந்தது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு பி.டி.ஏ. பிரசிடென்ட். போதாததற்கு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாண பிளெக்ஸ், காதுகுத்து வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் வாசகம் என் கையால்தான். நான் எழுதியதை நானே அடித்துத் திருத்தியதாகச் சரித்திரம் இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மறுநாளே வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன்.

"டீச்சர், கலெக்டருக்குக் கொம்பு இல்லீங்க. நீங்க பாத்தும் விட்டுட்டீங்க."

"கொம்பும் காலும் அப்புறம் மதி, அப்புறம் போதும் பிரசிடென்டே. முதல்ல ஆடு வரட்டும். அந்த எழுத்துல ஆட்டையே காணோம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்து பாருங்கள் என்றார். பார்த்தேன். ரப்பரையெல்லாம் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பீரோமேல் வைத்திருக்கிறார். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாதாம், ஒற்றைக் கோடு போட்டால் போதுமாம். முதலில் என்ன நினைத்தோம் என்று பிறகு பார்க்க வேண்டுமாம். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தி தான் எழுதியதை வாய்விட்டு வாசிக்க, இன்னொருத்தி கேட்கிறாள். கேட்கிறவள் பென்சிலைத் தொடக் கூடாது. தப்பு என்றும் சொல்லக் கூடாது. எது புரியவில்லை, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்கலாம். திருத்துவது எழுதியவள் பாடு.

தன்ஷிகாவுக்குப் பக்கத்தில் சிஞ்சு என்று ஒரு பெண். அவள், 'எங்கள் அம்மா மிகவும் அன்பானவர்' என்று அருமையாக எழுதியிருந்தாள். நம் பெண், "எப்படி அன்பானவங்கன்னு எனக்குத் தெரியலையே" என்றாள். சிஞ்சு பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தாள். மேலே, 'பஸ் ஹாரன் அடித்தாலும் அம்மா என் ஜடையை முடிக்காமல் விடமாட்டார்' என்று எழுதினாள். அன்பு என்கிற நல்ல வார்த்தை போய் அந்த இடத்தில் ஜடை வந்துவிட்டது மச்சான். இதற்கு டீச்சர் முகம் பூவாக மலர்கிறது.

பிரசிடென்ட் வந்திருப்பதால் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எழுத்து என்பது ஆழ்கடல். அதில் மூழ்கி முத்தெடுப்பவர்களே நாளைய பாரதத்தின் தூண்கள்" என்று தொடங்கினேன். இதே வாசகத்துக்கு இரண்டு ஆண்டு விழாவில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பின்பெஞ்சில் ஒரு கை எழுந்தது.

"மாமா, தூணு எப்படீங்க முத்து எடுக்கும்?"

இன்னொரு கை. "நீங்க கடல் பாத்திருக்கீங்களா?"

"இல்ல கண்ணு. ஆளியாறு டேம் பாத்திருக்கேன்."

"அப்போ கடலை வெட்டிட்டு ஆளியாறுன்னு வச்சுக்கலாமே பிரசிடென்டே" என்றார் டீச்சர், கொஞ்சமும் சிரிக்காமல். ஆளியாற்றை வைத்துக்கொண்டு மேலே போக முடியவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வியாதிதான் மச்சான் வீட்டுக்கு வந்தது. சிஞ்சு நம் பெண்ணிடம், கலெக்டரை எங்கே புதைத்தீர்கள், அந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டாள். இவள் என்னிடம் வந்து கேட்டாள். கிணற்றோரம் செவ்விளநீர் மரத்தடியில் என்றேன். செம்பருத்தி ஒன்றைப் பறித்துக்கொண்டு போனவள் பூவோடு திரும்பி வந்தாள்.

"அப்பா, அங்க கரையான் புத்து இருக்குதுங்க. புத்து ஒடையாம எப்படீங்க குழி வெட்டுனீங்க?"

அந்தப் புற்று எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. என் தோப்பை நானே சரியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. புதைக்கவில்லை, எதனால் செத்தது என்று பார்க்க மிருகாசுபத்திரியில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மாற்றினேன். நல்ல திருத்தம் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரி பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. மறுநாள் இவளும் சிஞ்சுவும் உள்ளே போய் டாக்டரம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள். கலெக்டர் காய்ச்சலில் இறந்துவிட்டார், அவரை இங்கேதான் கொண்டுவந்தார்களாமே, அப்போது கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று. டாக்டரம்மா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாராம். யார் அந்தக் கலெக்டர் என்று விளங்கியபிறகு இன்னும் பயந்துபோய், ஊரில் ஆடுகளுக்குக் காய்ச்சல் பரவுகிறதோ என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீதிக்கே வந்தார். பட்டி பட்டியாக ரத்தம் எடுத்தார். சுப்பாத்தாள் வீட்டு ஆடுகள் ஊசியைக் கண்டு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு வாழைக்குள் புகுந்தன. அவள் என் வாசலில் நின்று, "ஏனுங்க பிரசிடென்டு, உங்க ஊட்டு ஆடு செத்ததுக்கு எங்க ஆட்டுக்கு எதுக்குங்க ஊசி?" என்று வீதிக்கே கேட்கும்படி கத்தினாள். பதில் என்னிடம் இருந்தது. சொல்ல முடியுமா?

டாக்டரம்மா போனபிறகு குழந்தை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இனி காய்ச்சல் எடுபடாது என்று எனக்கு விளங்கிவிட்டது. "சாகலை அம்மிணி. கயித்த அறுத்துக்கிட்டு கோபாலபுரம் பக்கம் ஓடிப் போச்சு. நீ தேடுவீன்னுதான் செத்துப்போச்சுன்னு சொன்னேன்" என்றேன்.

"அப்ப உசுரோட இருக்காருங்களா?"

அந்த முகத்தைத் தாங்கள் பார்க்கவில்லை. அதுவரைக்கும் தாங்கள் பாக்கியசாலி.

அன்றைக்கே உட்கார்ந்து ஓர் அறிவிப்பு எழுதினாள். சிஞ்சு கேட்கக் கேட்க அடித்தாள், சேர்த்தாள். எல்லாம் முடிந்தபிறகு கொம்பு, கால், புள்ளி பார்த்துச் சுத்தமாகப் பெரிய தாளில் எழுதினாள். ஒரு பிழை கிடையாது. 'கலெக்டரைக் காணவில்லை. நிறம் கருப்பு. தாடி இடது பக்கம் திரும்பியிருக்கும். நெற்றியில் முடி சுழித்திருக்கும். குடையைக் கண்டால் ஓடுவார். தனியாக விட்டால் கத்தமாட்டார், பக்கத்தில் ஆள் இருந்தால்தான் கத்துவார். கண்டவர்கள் பி.டி.ஏ. பிரசிடென்ட் ஆறுச்சாமியிடம் சொல்லவும்.' இதை என்னிடம் காட்டவே இல்லை. பால்வண்டி டிரைவரிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் புண்ணியவான் கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

மத்தியானம் போன் வந்தது. போலீஸ்காரர்.

"பிரசிடென்ட் ஆறுச்சாமியா? எந்தக் கலெக்டருங்க காணாமப் போனது? பாலக்காடா, கோயமுத்தூரா?"

ஆடு என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கிழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "எதுக்குங்க கிழிக்கறது? நல்லா எழுதியிருக்குதே. நாங்களும் பாத்துக்கிட்டே இருக்கோம்" என்றார். இப்போது எல்லை தாண்டுகிற ஒவ்வொரு கருப்பு ஆட்டையும் நிறுத்தி நெற்றியைப் பார்க்கிறார்களாம். வியாபாரிகள் என் பெயரைச் சொல்லித் திட்டுவதாகக் கண்டக்டர் சொன்னார்.

வேறு வழியில்லாமல் நாலாவதாக ஒன்று சொன்னேன். கலெக்டர் கிடைத்துவிட்டார், மாமா தோப்பில் பத்திரமாக இருக்கிறார், அங்கே புல் அதிகம் என்பதால் அங்கேயே விட்டுவைத்திருக்கிறோம் என்று. இதுதான் சரியான சுருதி என்று எனக்குப் பட்டது. அவளும் எழுதினாள். அந்த நிமி டீச்சர் விடுகிறாரா? "மாமா தோப்புல அவர் எங்க நிக்கிறார், யார் கூட இருக்கிறார்? உனக்குத் தெரியாதில்ல? போய்ப் பார்த்துட்டு வந்து எழுது" என்று சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை நாங்கள் வருகிறோம்.

ஆகவே மச்சான், ஒரு கருப்புக் கிடா வேண்டும். முதல் எழுத்தோடு விட்டிருந்தால் எந்த ஆடும் போதும். கருப்பாக, நல்லவராக இருந்தால் சரி. திருத்தித் திருத்தி இப்போது தாடி இடது பக்கம் திரும்ப வேண்டும், நெற்றியில் சுழி வேண்டும், குடைக்குப் பயப்பட வேண்டும். தாடியைத் தேங்காயெண்ணெய் போட்டுச் சீவினால் திரும்பும். சுழிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தாங்கள் அனுபவஸ்தர். குடையை மூன்று நாள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிக்கொண்டேயிருந்தால் எந்த ஆட்டுக்கும் பயம் வந்துவிடும். இன்னொன்று, விருந்தன்று காலையில் கழுத்தில் பூமாலை போட்ட கிடாவோடு தாங்கள் நிற்கிற போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காலண்டர் மாட்டவும். குழந்தையைக் கண்டதும் அக்கா ஆசையாக, "அன்னைக்கு மாதிரி எலும்பு வேணுமா கண்ணு?" என்று கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

இவ்வளவுக்கும் காரணம் அந்த டீச்சர்தான். மேலிடத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி ஆசிரியை, சொந்த எழுத்தைத் திருத்தச் சொல்லிக்கொடுத்து, அதன் மூலம் பெற்றோரை' என்பது வரைக்கும் வந்தது. பெற்றோரை என்ன செய்தார் என்று அந்த ஆபீஸில் யாராவது கேட்டால்? பேனாவை மூடிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். ஆனந்தி தங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். மற்றதில் எனக்குச் சம்பந்தமில்லை என்றும் எழுதச் சொன்னாள். கருப்பராயன் தங்கள் மூட்டையும் எங்கள் மானத்தையும் கூட இருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத தங்கை கணவன்,
ஆறுச்சாமி.

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம் மச்சான். ஆடு வேண்டாம். போட்டோ இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மேலே கையெழுத்துப் போட்டதும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாட்டுச்சாளையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். தன்ஷிகா அங்கே தரையில் உட்கார்ந்து ஈரச் சாக்கை விரித்து அகத்திக்கீரை அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிவைக்கக் கயிறு கிடைக்காமல் தன் ஜடை ரிப்பனை அவிழ்த்து வைத்திருந்தாள். இது எதற்கு என்று கேட்டேன்.

"கலெக்டருக்குங்க. சனிக்கிழமை வரைக்கும் வாடாம இருக்கோணும்ல? பழுத்த எலையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டேனுங்க. அவருக்குப் புடிக்காது."

அகத்தி தின்றால் அந்த ஊர்த் தண்ணீருக்கு வயிறு போகும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வாய்க்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "கலெக்டர் இல்ல அம்மிணி. சாமிக்கு வெட்டியாச்சு. நாந்தான் புடிச்சுக் குடுத்தேன்" என்றேன்.

அவள் இலையைக் கீழே வைத்தாள். "அந்த ஞாயித்துக்கெழமைங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்தாள். அந்த அகத்திக் கட்டைத் தூக்கி என் வயிற்றிலும் நெஞ்சிலும் அடித்தாள். இலையெல்லாம் உதிர்ந்து குச்சி மட்டும் கையில் மிஞ்சும்வரை அடித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். ஆனந்தி வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதிர்ந்ததையெல்லாம் மாடு தின்றது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளாக என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வெட்டறப்பக் கத்துனாருங்களா?"

"தெரியல சாமி. நான் அக்கட்டால திரும்பிக்கிட்டேன்."

"மாமா?"

"மாமா பாத்துக்கிட்டு நின்னாரு."

போய்விட்டாள். சனிக்கிழமை நாங்கள் கட்டாயம் வருகிறோம். அந்த ஒன்றை அவள் தங்களிடம் கேட்பாள். குழந்தை மனசு நோகுமே என்று நல்லதாகப் பார்த்துச் சொல்ல வேண்டாம் மச்சான். எப்படி இருந்ததோ அப்படிச் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு அக்காவைக் கத்தரிக்காய்க் குழம்பு மட்டும் வைக்கச் சொல்லுங்கள், போதும்.